கொடுத்த பொருளும் எழுதிய கதையும்
சிறுகதைப் போட்டிகளின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1

ஆக்க இலக்கியம் அகத்தூண்டுதலாற் பிறப்பது. பிறர் கொடுத்த தலைப்புக்கு எழுதப்படுவது பயிற்சியாகலாமேயன்றி இலக்கியமாகாது என்னும் கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. சிறுகதைப் போட்டிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இக்கருத்து ஏதேனும் ஒரு வடிவத்தில் தலைகாட்டக் காணலாம். ‘பரிசுக்கு எழுதிய கதை’ என்னுந் தொடர் விமர்சகர் பலரிடத்து வசைமொழியாகவே வழங்கி வந்துள்ளது. மறுபுறத்தில், போட்டிகளை நடத்துவோர் அவை புதிய எழுத்தாளரை உருவாக்குகின்றன என்று கூறி அவற்றுக்கு நியாயங் கற்பிப்பர். இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் ஒரே குறைபாட்டை உடையன. எழுதுவதற்கான பொருளைக் கொடுப்பவர் யார்? அதைக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? பொருளைப் பெறுபவரின் வாழ்க்கை அனுபவத்துக்கும் அப்பொருளுக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. இவற்றை எழுப்பாது போட்டியை வாழ்த்துவதோ வைவதோ பயனற்றதென்பது எமது துணிபு.

இவ்வாய்வுக்கு மருதனார்மடம் பொருத்தமான நிலைக்களமாகும். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே செல்லும்போது இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்த இவ்வூரிலேதான் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிலே பெண்களுக்கான கல்லூரியைத் தொடக்கினார். 1960இல் இங்கு தோன்றிய இராமநாதன் சங்கீத அக்கடமி 1975இல் யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்டது. வடக்கே அணித்தாக உள்ள சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையாவின் ‘ஈழகேசரி’ 1930 முதல் 1958 வரை வெளிவந்தது. பாடசாலை, இசைக்கழகம், பத்திரிகை என்னும் இம்மூன்றும் ஏதோ ஒருவகையிற் ‘பொருள் கொடுத்துப் படைக்கச் சொல்லும்’ நிறுவனங்களே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. எனினும் இம்மரபின் வேர்கள் மிக ஆழமானவை. ஆதலின் சற்றே பின்னோக்கிச் செல்வது அவசியமாகின்றது.

2

பண்டைத் தமிழ்ச் செய்யுட்களில், தான் பாடும் பொருளைத் தானே கண்டுபிடித்த புலவனை நாம் காண்பதில்லை. திணையும் துறையும் அவனுக்கு முன்னரே இருந்தன. பிரிந்த தலைவனுக்காகக் காத்திருத்தல், தோழி வாயில் மறுத்தல், வீரன் நிரை மீட்டு வீழ்தல் என்றாங்கு அமைந்த துறைகள் பாணர் மரபின் பொதுச் சொத்துகள். வாய்மொழிப் பாடல் மரபினை அடிப்படையாகக் கொண்டு தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்த க. கைலாசபதி, 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் இவ்வுண்மையை விரிவாக நிறுவினார். அங்கே பொருள் ‘கொடுக்கப்பட்டது’தான். ஆயின் அதைக் கொடுத்தது தனியொருவனன்று. சமூகக் கூட்டு வாழ்வே கொடுத்தது. கேட்போரும் பாடுவோரும் அதனை ஒருங்கே அறிந்திருந்தனர்.

இந்நிலை மாறியமைக்குப் பொற்கிழிக் கதை தக்கதொரு சான்றாகும். குறுந்தொகையின் இரண்டாஞ் செய்யுள் இறையனார் பெயரால் வழங்குவது. அது குறிஞ்சித் திணைக்குரிய, தலைவியின் கூந்தலை வியந்து தலைவன் நலம் பாராட்டும் இயல்பான அகப்பாடல். ஆனால் பிற்காலத்தார் அதனைச் சுற்றிப் பின்னிய கதையோ முற்றிலும் வேறானது. பாண்டியனுக்கு ஓர் ஐயம் எழுகின்றது. தன் உள்ளக் கருத்தைப் பாடுவோர்க்கெனப் பொன்முடிச்சொன்றைச் சங்கமண்டபத்தில் தொங்கவிடுகிறான். மணஞ் செய்யவும் பொருளற்ற வறியவனான தருமிக்குச் சிவனே பாட்டெழுதிக் கொடுக்கிறான். நக்கீரன் குற்றங் கூறுகின்றான். தருமி பொற்கிழி பெற்ற செய்தி 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பர் தேவாரத்திலேயே இடம்பெற்றுவிட்டது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதனைப் பரக்கப் பேசும்.

பாடல் மாறவில்லை; அதன் சமூக உறவே மாறியது. துறைக்குப் பாடப்பட்ட செய்யுள், அரசனின் மனத்திலிருப்பதை ஊகித்துச் சொல்லும் விடையாக மாற்றப்பட்டது. பொருள் இப்போது அரசனின் உடைமை. அதற்கொரு விலையும் உண்டு. பாடியவன் வேறு, பரிசு கேட்டு நிற்பவன் வேறு என்ற பிரிவும் இக்கதையிலேயே தோன்றிவிடுகின்றது. மதிப்பிடுவதற்கு நடுவர் ஒருவரும் இருக்கின்றார். போட்டி என்ற நிறுவனத்தின் உறுப்புகள் யாவும் இங்கே கருவடிவில் அமைந்துள்ளன: கொடுத்த பொருள், பரிசு, வறுமையால் உந்தப்பட்ட போட்டியாளன், தீர்ப்பாளன். முடியாட்சியும் கோயிலும் நிலவுடைமையின் இரு தூண்களாக வலுப்பெற்ற காலத்தில் இக்கதை நிலைபெற்றது தற்செயலன்று.

3

நிலமானிய அமைப்பு இறுகிய பிற்காலத்தில் இவ்வுறவு இலக்கணமாகவே வகுக்கப்பட்டது. பாட்டியல் நூல்கள் கவிஞரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்துவன. பொருள், அடி, பா, அணி முதலானவற்றை இன்னொருவர் குறித்துக் கொடுக்க அக்கணமே பாடுபவன் ஆசுகவி என்பது அவை தரும் விளக்கத்தின் சாரம். இங்கே கொடுக்கப்படுவது பொருள் மட்டுமன்று. பாட்டின் இறுதியடியே கொடுக்கப்படுவதும் உண்டு. வடமொழியில் இதனைச் சமஸ்யை என்பர். காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் சமஸ்யையை நிறைவு செய்தலும் ஒன்றாகும்.

15ஆம் நூற்றாண்டினரெனக் கருதப்படும் காளமேகத்தைப் பற்றி வழங்கும் எமகண்டக் கதை இந்நிலையின் உச்சம். கீழே நெருப்பு எரிய, மேலே உறியில் ஏறி நின்று, உடலிற் கத்திகள் கட்டப்பட்ட நிலையில், சுற்றி நிற்போர் கொடுக்கும் அடிகளுக்கும் சொற்களுக்கும் புலவன் தடையின்றிப் பாடவேண்டும். தவறின் உயிர் போகும். திருமலைராயனின் அவைக்களத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் புரவலனைச் சார்ந்து வாழ நேர்ந்த புலவரின் நிலையை இதனினும் வெளிப்படையாகச் சொல்லும் உருவகம் வேறில்லை. கேட்டபொழுது கேட்டதைப் பாடாதவனுக்குப் பிழைப்பில்லை என்னும் சமூக உண்மையே அங்கு நெருப்பாக எரிகின்றது.

அதே வேளையில் ஒரு மறுப்பினையும் எதிர்கொள்ளுதல் வேண்டும். கொடுத்த அடி எப்போதும் விலங்காகவே இருந்ததா? மருதனார்மடத்து இசை மாணவர் நிரவலைப் பயிலும் முறையைக் கருதுக. கீர்த்தனையின் அல்லது பல்லவியின் ஒரே அடியைச் சொற்கள் மாறாமல், தாளத்தில் அவற்றுக்குரிய இடங்கள் பிறழாமல் வைத்துக்கொண்டு, இராகத்தின் எல்லைகளையெல்லாம் அவர்கள் தேடிச் செல்கின்றனர். அடி ஒன்றாயிருப்பதே கற்பனைக்குத் தளமாகின்றது. எனவே கட்டுப்பாடு என்பது தன்னளவிற் படைப்புக்குப் பகையன்று. யார் எதற்காகக் கட்டுப்படுத்துகின்றார் என்பதே வினா. நிரவலில் அடியின் பொருளை விரிக்கும் உரிமை பாடுவோருக்கு உண்டு. எமகண்டத்தில் அவ்வுரிமை இல்லை. அடி போட்டவரின் ஈற்றிற் சென்று முட்டுவதே அங்குத் திறமை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இம்மரபு அரசவையிலிருந்து பொதுமண்டபத்துக்கு வந்தது. புலோலியிற் பிறந்து சென்னையில் வாழ்ந்து 1907இல் மறைந்த நா. கதிரைவேற்பிள்ளையும், நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலரும் சதாவதானிகளெனப் புகழ்பெற்றனர். தெலுங்கில் திருப்பதி வேங்கட கவிகள் ஊரூராகச் சென்று அவதானம் நிகழ்த்தினர். கேட்போர் இப்போது படித்த நடுத்தர வர்க்கத்தினர். ஆயினும் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் நினைவாற்றலையும் யாப்புத் திறனையும் சோதிக்கும் புதிர்களாகவே இருந்தன. சமகால வாழ்வு அவற்றுட் புகுவதற்கு வாயில் சிறிதாகவே இருந்தது.

4

கொடுத்த அடியிலிருந்து கொடுத்த கருப்பொருளுக்கு நிகழ்ந்த மாற்றம் காலனித்துவ ஆட்சியோடு தொடர்புடையது. இதனை உருது இலக்கிய வரலாறு மிகத் தெளிவாகக் காட்டும். கவியரங்குகளில் ஓர் அடியைக் கொடுத்து, அதே சந்தத்திலும் இயைபிலும் கசல் பாடச் செய்வது அங்கு வழக்கமாயிருந்தது. 1874இல் லாகூரிலே ஆங்கிலக் கல்வி அதிகாரியான ஹோல்ராய்டின் ஆதரவுடன், முகம்மது உசைன் ஆசாத் முன்னின்று நடத்திய கவியரங்குகளில் அடி கொடுக்கப்படவில்லை. மாறாக மழைக்காலம், நம்பிக்கை, நாட்டுப்பற்று என்பன போன்ற தலைப்புகள் கொடுக்கப்பட்டன. ஹாலியின் புகழ்பெற்ற சில கவிதைகள் அவ்வரங்குகளுக்கென எழுதப்பட்டவையே. அதற்கு முன்னரே, 1868இல் வடமேற்கு மாகாண அரசு பயனுள்ள சுதேசமொழி நூல்களுக்குப் பரிசு அறிவித்திருந்தது. பெண்கல்வியை வலியுறுத்தி நசீர் அகமது எழுதிய ‘மிராத்துல் அரூஸ்’ 1869இல் வெளிவந்து ஆயிரம் ரூபா பரிசும் பெற்றது. உருதுவின் முதல் நாவலெனப் பலராலும் கொள்ளப்படும் நூல் அரசாங்கப் பரிசுத் திட்டத்தின் விளைபொருள் என்பது சிந்தித்தற்குரியது.

கிழக்காசியாவில் இதனினும் நேரடியான எடுத்துக்காட்டொன்று உண்டு. ஜப்பானிடம் சீனா தோல்வியுற்ற 1895ஆம் ஆண்டின் மே மாதத்தில், ஷாங்காயில் வாழ்ந்த ஜோன் பிரையர் என்னும் ஆங்கிலேயர் பத்திரிகைகளில் ஒரு கதைப் போட்டியை விளம்பரஞ் செய்தார். அபின், பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்குதல், அரசுப் பரீட்சைக்குரிய சம்பிரதாயக் கட்டுரை முறை ஆகிய மூன்று தீமைகளையும் களையும் வழியைக் கதையாக எழுதுமாறு அவர் கேட்டார். 162 படைப்புகள் வந்தன. அவற்றின் தரம் பிரையருக்கு நிறைவளிக்கவில்லை. கொடுத்த மூன்று தலைப்புகளையும் அப்படியே கோத்து நீதி கூறியவை பல. பரிசுகள் வழங்கப்பட்டன, ஆனால் கதைகள் நூலுருப் பெறவில்லை. பிரையர் அமெரிக்காவுக்குச் சென்றபோது கையெழுத்துப் பிரதிகளும் உடன் சென்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி நூலகத்தில் 2006இல் அவை கண்டெடுக்கப்பட்டு, 2011இல் 14 தொகுதிகளாக அச்சேறின. நடுவரால் ஏமாற்றத்துடன் நோக்கப்பட்ட அக்கதைகள், நவீன சீனப் புனைகதை பிறந்த சூழலை அறிவதற்கு முதன்மைச் சான்றுகளாக நிற்கின்றன. இச்செய்தியை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இவ்வுதாரணங்களில் ஓர் இருமைத் தன்மை உண்டு. பொருள் கொடுத்தவர் ஆட்சியாளரோ மிஷனரிமாரோடு தொடர்புடையோரோ ஆவர். அவர்களின் நோக்கம் தமது நாகரிகத்துக்கு இசைந்த ‘பயனுள்ள’ இலக்கியத்தை விளைவிப்பது. எனினும் அடியிலிருந்து கருப்பொருளுக்குச் சென்றமை, யாப்புப் புதிரிலிருந்து சமூக நடைமுறைக்கு எழுத்தைத் திருப்பியது. பெண்ணின் கட்டுண்ட பாதம் கவியரங்கில் ஈற்றடியாக வந்திராது. கதைப் போட்டியில் வந்தது. முற்போக்கும் மேலாதிக்கமும் ஒரே அறிவித்தலில் ஒன்றையொன்று தழுவி நின்றன. காலனித்துவ நவீனத்துவத்தின் பொதுவியல்பும் இதுவேயாகும்.

5

தமிழிற் சிறுகதைப் போட்டியை நிலைபெறச் செய்தது வாரப் பத்திரிகையின் சந்தையாகும். ஆனந்த விகடன் 1933 அளவில் நடத்திய சிறுகதைப் போட்டியின் வாயிலாகவே பி. எஸ். ராமையா ‘மலரும் மணமும்’ என்னும் கதையுடன் எழுத்துலகிற் புகுந்தார். அவரே 1935இல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதைக்கான ஏடாக மாற்றி நடத்தியவர் என்பதை நினைவிற் கொண்டால், வணிகப் பத்திரிகையின் போட்டிக்கும் அதனை எதிர்த்தெழுந்த சிறுபத்திரிகை இயக்கத்துக்கும் இடையே சுவரெழுப்பிப் பார்ப்பது எத்துணை தவறென்பது புலனாகும். பின்னர், ‘கல்கி’ இதழின் வெள்ளிவிழாவையொட்டி 1966இல் நடந்த நாவற் போட்டியில் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ பரிசு பெற்றது. விழாவும் பரிசும் தொடர்கதையும் விற்பனைப் பெருக்கமும் ஒரே வலைப்பின்னலின் இழைகளாயின. இங்கே பொருள் கொடுப்பவன் அரசனல்லன். ‘வாசகர் விருப்பம்’ என்ற முகமூடியுடன் நிற்கும் சந்தை. அது பெரும்பாலும் தலைப்பைச் சொல்வதில்லை, சொல்லாமலே உணர்த்திவிடும். எழுதுவோர் பரிசு பெற்ற கதைகளைப் படித்து அதனை ஊகித்தறிவர். பாண்டியன் மனத்திலிருந்ததைத் தருமி ஊகிக்க வேண்டியிருந்தமை போன்றதே இது.

ஈழத்து நிலை சற்று வேறானது. தமிழகச் சஞ்சிகைகள் இங்கு பெருந்தொகையாக வாசிக்கப்பட்டன. எனவே இலாபத்தைக் கருதிப் பெரும் பரிசுப் போட்டிகளை நடத்தக்கூடிய சந்தை உள்ளூரில் உருவாகவில்லை. ‘ஈழகேசரி’ அந்த இடைவெளியில் ஒரு பள்ளியாகத் தொழிற்பட்டது. இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் ஆகிய மூலவர்களின் காலத்துக்குப் பின்வந்த இளைஞர் பலர், அப்பத்திரிகை மாணவருக்கென ஒதுக்கிய பக்கங்களில் எழுதிப் பழகினர். 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியபோது அவ்விளைஞருட் சிலரே அதன் முன்னணியில் நின்றனர். 1945இன் இலவசக் கல்வித் திட்டமும் தாய்மொழிக் கல்வியின் விரிவும் எழுதப் படிக்கத் தெரிந்தோரின் சமூக அடித்தளத்தையே மாற்றின. அதுகாறும் பள்ளிக்கூட வாயிலிலே தடுக்கப்பட்டிருந்த சாதியினரிடமிருந்தும் எழுத்தாளர் தோன்றினர். யாழ்நகரிற் சிகை அலங்காரத் தொழிலாளியாயிருந்த டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றமை இம்மாற்றத்தின் வெளிப்பாடாகும். பரிசு அவரை எழுத்தாளராக்கவில்லை. அவரையும் அவர் வர்க்கத்தாரையும் எழுத்துக்குக் கொணர்ந்த சமூக இயக்கம், பரிசளிப்போரையும் தன்னைக் கணக்கிலெடுக்க வைத்தது.

6

கொடுத்த பொருளொன்று, தானே ஒரு மக்கட் கூட்டத்தின் குரலாக மாறிய சந்தர்ப்பத்தைக் காண நாம் வடக்கை விட்டு மலையகத்துக்குச் செல்லவேண்டும். வரலாற்று முக்கியத்துவத்தில் அதற்கு நிகரான வேறொரு சிறுகதைப் போட்டியை ஈழத்துத் தமிழிலக்கியத்திற் காட்டுதல் அரிது.

1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் ‘வீரகேசரி’யும் இணைந்து மலையகச் சிறுகதைப் போட்டிகளைத் தொடர்ச்சியாக நடத்தின. அப்பத்திரிகையிற் பணியாற்றிய எஸ். எம். கார்மேகம் இம்முயற்சியின் உயிர்நாடியாக விளங்கினார். போட்டியின் நிபந்தனை எளியது: கதை மலைநாட்டு வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டிருத்தல் வேண்டும். பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. தெளிவத்தை ஜோசப், சாரல்நாடன் போன்றோர் இக்களத்திலேயே பரவலாக அறியப்பட்டனர். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961இல் ‘தினகர’னில் வெளிவந்து மலையகச் சிறுகதைக்கான பாதையை ஏற்கெனவே திறந்திருந்தது. போட்டிகள் அப்பாதையைப் பலர் நடக்கும் வீதியாக்கின.

இதே நிபந்தனையைக் கொழும்பிலோ சென்னையிலோ இருந்த ஒரு சஞ்சிகை விதித்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? பனிமூட்டமும் தேயிலைச் சரிவும் பின்னணியாக அமைந்த காதற்கதைகள் குவிந்திருக்கும். மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் போட்டியில் அவ்வாறு நேராமைக்குக் காரணம், பொருளைக் கொடுத்தோரும் எழுதியோரும் ஒரே வாழ்நிலையைச் சேர்ந்தவராயிருந்தமையே. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்து, எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. மக்களை எண்களாகப் பங்கிட்ட அக்கணக்கில் எவருடைய விருப்பமும் கேட்கப்படவில்லை. அத்தகைய வேளையில் ‘உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள்’ என்று கேட்டது வெறும் இலக்கியப் போட்டியன்று. ‘இந்த மண்ணில் எமக்கொரு வாழ்க்கை உண்டு’ என்பதற்குச் சாட்சியம் திரட்டும் செயலாகவும் அது அமைந்தது. லயக் காம்பராவும் பிரட்டுக்களமும் கங்காணியும் கதையின் பின்னணியாக நில்லாது கதையின் முரண்பாடாகவே அமைந்தன.

1926இல் கவிதையாக்கம் பற்றி எழுதிய மாயகோவ்ஸ்கி ‘சமூகக் கட்டளை’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். கவிதையின் பிறப்புக்குச் சமூகத்தில் தீர்க்கப்படவேண்டிய ஒரு பணி இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். சமூகத்தின் கட்டளையும் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் கட்டளையும் ஒன்றல்ல. மலையகப் போட்டிகளில் இவ்விரண்டும் அரிதாக ஒன்றிணைந்தன. பாணனுக்குத் துறையைக் கொடுத்த கூட்டு வாழ்வு, நூற்றாண்டுகள் கடந்து, தொழிலாளர் வாழ்வின் வடிவில் மீண்டும் பொருள் கொடுப்பதாயிற்று.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. ‘பாட்டாளி வாழ்க்கையை எழுதுக’ என்னும் அறிவித்தல் தானாகவே நல்ல கதையைத் தந்துவிடாது. வேலைநிறுத்தத்தில் முடியும் கதை, சிவப்புச் சூரியன் உதிக்கும் இறுதி வரி என்பன முற்போக்கு வட்டாரங்களில் ஒரு காலத்தில் வாய்பாடாகிவிட்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அங்கே எழுதியவர் சமூகத்தின் கட்டளைக்கன்று, நடுவரின் எதிர்பார்ப்புக்கே எழுதினார். எமகண்டத்தின் நெருப்புக்குச் சிவப்புநிறம் பூசினாலும் அது எமகண்டமே.

7

இனி மீண்டும் மருதனார்மடத்துக்கு வருவோம். இலங்கையிற் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் ஒழுங்குசெய்யும் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் மேற்பிரிவு மாணவருக்குச் சிறுகதை ஆக்கமும் ஒரு துறையாகும். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக மேலேறும் அமைப்பு அது. இராமநாதன் கல்லூரி மாணவி ஒருத்தி இத்துறையிற் பங்குபற்றுவதாயின் வலிகாமம் கல்வி வலயத்தின் ஏனைய மாணவரோடு போட்டியிட்டே அடுத்த படிக்குச் செல்லவேண்டும். நாட்டின் தமிழ் மாணவரில் எத்தனையோ பேர் தம் வாழ்நாளில் எழுதும் முதற் சிறுகதை இவ்வாறு பிறந்ததாகவே இருக்கும். இளம்பராயத்தினரின் கதை கூறும் ஆற்றலுக்கு இடமளிக்கும் வகையில் இது வரவேற்கத்தக்கது. ஆயினும் நாம் இதுவரை கண்ட வரலாற்றின் ஒளியில் இதனையும் நோக்குதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ‘வீடு’ என்னும் ஒற்றைச் சொல் தலைப்பாகக் கொடுக்கப்படுகின்றது எனக் கொள்க. பாடநூல் வழக்கில் வீடு என்பது அன்பும் ஒற்றுமையும் நிலவும் இடம். கதை அத்திசையிலேயே செல்லவேண்டுமென்ற எதிர்பார்ப்பு தலைப்போடு கூடவே வருகின்றது. ஆனால் வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, அவர்களிற் பலர் சுன்னாகம், மல்லாகம் பகுதிகளின் முகாம்களிற் பல்லாண்டு வாழ்ந்தவர்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றது. அந்நிகழ்வுகளுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைக்கு வீடு என்பது பாட்டி சொல்லக் கேட்ட கிணற்றடியாயிருக்கலாம். உயர் பாதுகாப்பு வலயத்து முட்கம்பிக்கு அப்பால் தகப்பன் கைகாட்டிய கூரையற்ற சுவராயிருக்கலாம். அப்பிள்ளை எதனை எழுதும்? நடுவர் எதனை எதிர்பார்ப்பார் எனக் கணிக்கப் பழகிய பிள்ளை முதலாவது வீட்டை எழுதிப் பரிசு பெறக்கூடும். தன் வீட்டை எழுதத் துணிந்த பிள்ளை, ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்னும் குறிப்போடு கோட்ட மட்டத்திலேயே நின்றுவிடக்கூடும். அவ்வாறாயின் அங்கே தோற்பது ஒரு பிள்ளை மட்டுமன்று. ஒரு தலைமுறையின் அனுபவம் எழுத்தாகும் வாய்ப்பும் தோற்கின்றது.

தலைப்புக் கொடுத்தலை நாம் எதிர்க்கவில்லை. நிரவலின் அடியைப்போல, பல திசைகளில் விரியக்கூடிய தலைப்பு எழுதுவோருக்கு ஊன்றுகோலாகும். எழுத இடமும் ஓய்வும் அற்றோருக்கு, ‘இன்ன நாளுக்குள் இன்ன பொருளில் எழுதுக’ என்னும் அழைப்பே எழுதுவதற்கான முதல் அனுமதியாகவும் அமைதல் கூடும். மலையகத்தில் நடந்தது அதுவே. ஆனால் அங்கே அழைத்தோரும் அழைக்கப்பட்டோரும் ஒரே வாழ்வின் பங்காளிகள். தலைப்பைத் தேர்வோரும் தீர்ப்பளிப்போரும் எழுதுவோரின் வாழ்நிலையை அறிந்தோராயிருத்தல் வேண்டுமென்பதும், தமது தீர்ப்புக்கான காரணங்களை அவர்கள் வெளிப்படையாக எழுதித் தருதல் வேண்டுமென்பதும் நாம் அவ்வரலாற்றிலிருந்து பெறும் பாடங்கள்.

மற்றொரு பாடம் பிரையரின் பெட்டியிலிருந்து கிடைக்கின்றது. பரிசு பெற்ற கதைகள், தொகுப்பாக வெளிவருவதனால், ஓரளவேனும் நிலைபெறுகின்றன. பரிசு பெறாதவை பெரும்பாலும் பழைய தாளோடு தாளாகப் போய்விடுகின்றன. இலக்கிய வரலாற்றாசிரியனுக்கோ பரிசு பெறாத கதைகளே பல வேளைகளிற் பெறுமதி மிக்கவை. ஒரு காலத்து மக்கள் தமக்குக் கொடுக்கப்பட்ட பொருளை எவ்வாறு ஏற்றனர், எவ்விடத்தில் அதனை மீறினர் என்பதை அவையே காட்டும். அச்சீனக் கதைகளின் ஏட்டுக்கட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கிடந்து பேசத் தொடங்கியது. எமது பிரதேசத்துப் போட்டிகளுக்கு வந்த கதைகளோ போர், இடப்பெயர்வு, கறையான் ஆகியவற்றோடு அலட்சியத்துக்கும் இரையாகக் கூடியவை.

எனவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் போட்டிகளை நடத்துவதோடு அமையாது, அவற்றுக்கு வந்த ஆக்கங்கள் யாவற்றையும், எழுதியோரின் சம்மதத்துடன், ஆண்டும் தலைப்பும் நடுவர் குறிப்பும் பதிந்து நூலகங்களிற் பேணுதல் வேண்டும். அயலிலுள்ள பாடசாலைகளின் பழைய கையெழுத்துச் சஞ்சிகைகளையும் இப்பணியிற் சேர்த்துக்கொள்ளலாம். மருதனார்மடத்திலிருந்து சுன்னாகம் வரையுள்ள சிறிய நிலப்பரப்பிலிருந்தே இதனைத் தொடங்க இயலும். தீர்ப்பளிக்கும் உரிமை இன்றைய நடுவருக்கு உண்டு. ஆனால் இறுதித் தீர்ப்பு அவருடையதன்று. அதனை வழங்கப்போகும் நாளைய வாசகரின் கைக்குக் கதைகள் சென்று சேரவேண்டும்.